குருவி வரைந்த கெட்டில்

ஓவிய டீச்சருக்குத் தங்கமான மனசு. மதிப்பெண் போட உட்கார்ந்தால் மட்டும் அப்படி ஒரு கஞ்சம். அன்று மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு. நடுவில் மேசை, மேசைமேல் ஓர் அலுமினிய கெட்டில், சுற்றிலும் குட்டி பெஞ்சுகளில் பிள்ளைகள். பார்த்து வரைய வேண்டும். மூக்குக்கு இரண்டு, கைப்பிடிக்கு இரண்டு, மூடிக்கு இரண்டு, நிழலுக்கு நான்கு என்று முன்னாடியே பிரித்து வைத்திருந்தாள்.

ஐந்துக்குக் கீழே வாங்கும் பிள்ளைக்கு இனி ஓவிய வகுப்பு கிடையாது; அந்த நேரத்தில் கணக்குப் பயிற்சி. தலைமையாசிரியை போட்ட சட்டம். போட்டவரைக் கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல்?

குருவி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமிக்கோ அந்த ஒரு வகுப்புதான் உயிர். அவள் வரைந்துகொண்டிருந்ததைப் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்தது. "டீச்சர், இவ பன்னி வரையறா!" வகுப்பே கொல்லென்று சிரித்தது. பிறகு தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது டீச்சருக்கும் அப்படித்தான் பட்டது. பெரிய உருண்டை, நட்டநடுவே ஒரு வட்டம், உச்சியில் மூடி. வட்டத்துக்குக் கீழே ஏதோ கறை. மூக்கும் இல்லை, கைப்பிடியும் இல்லை. மூடிக்கு இரண்டு, போனால் போகிறதென்று நிழலுக்கு இரண்டு. ஆக நாலு.

மாலையில் மகளைக் கூட்டிப்போக வந்த அப்பா, மெக்கானிக், வாசலில் நின்றபடியே பன்னி கதையையும் நாலு மார்க்கையும் கேட்டுவிட்டு, "வரலேன்னா விட்டுத்தள்ளுங்க டீச்சர். கணக்காவது உருப்படியாப் படிக்கட்டும். படமா சோறு போடப்போகுது?" என்றார்.

குருவிக்கு உதடு பிதுங்கியது. "நான் பாத்ததைத்தான் வரைஞ்சேன். என் இடத்துல வந்து பாருங்க டீச்சர்."

"எங்க உக்காந்தா என்ன? கைப்பிடி இல்லாத கெட்டில் எந்த ஊர்ல இருக்கு?" என்று சிடுசிடுத்தாள் டீச்சர். ஆனாலும் பிள்ளையின் வாயை அடைக்கவாவது போவோமென்று, அந்தக் குட்டி பெஞ்சில் உடம்பை நுழைத்து உட்கார்ந்தாள். முட்டி மேசையில் இடித்தது. தலையைத் தாழ்த்தி, குழந்தையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள்.

அட கடவுளே! கெட்டிலின் மூக்கு நேராக அவளைப் பார்த்து நின்றது. நீளமே தெரியவில்லை, முனையிலிருந்த வட்டம்தான் தெரிந்தது. கைப்பிடி வயிற்றுக்குப் பின்னால் போய் மறைந்திருந்தது. வட்டத்துக்குக் கீழே, கறை என்று நினைத்த அதே இடத்தில், மூக்கின் நிழல்.

அவசரமாக அதே பெஞ்சுப் பிள்ளைகளின் தாள்களைப் புரட்டினாள். எல்லோரும் மூக்கைப் பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். கெட்டில் என்றால் இப்படித்தான் என்று மனசில் இருந்ததை வரைந்திருக்கிறார்கள். தன் நாற்காலியிலிருந்து பார்த்துவிட்டு அவர்களுக்கு எட்டும் ஒன்பதும் வாரி வழங்கிய புத்திசாலி இவளேதான். கண்ணைத் திறந்து பார்த்தது குருவி ஒருத்திதான்.

அப்பாவும் குனிந்து பார்த்தார். "அட, ஆமா! பன்னியேதான்!" என்றவர், மகளின் தலையில் செல்லமாகத் தட்டினார். "பரவாயில்லையே கழுதை!"

டீச்சர் நாலை அடித்துவிட்டுப் பத்துப் போட்டாள். மற்ற தாள்களையும் அந்தந்த இடத்தில் உட்கார்ந்துதான் மறுபடி திருத்துவது என்று எடுத்து வைத்தாள். "நீ எங்கயும் போகவேணாம். என் வகுப்பிலதான் இருப்ப" என்றாள். "எல்லாரும் அவ்வளவு சிரிச்சாங்களே, அப்பவும் மாத்தாம இருந்தியே, எப்படிம்மா?"

குருவி காலால் தரையைத் தேய்த்தாள். "மாத்தத்தான் போனேன் டீச்சர். அழிச்சிட்டு, எல்லாரையும் மாதிரி பக்கத்துல மூக்கு போடலாம்னு ரப்பரை எடுத்துட்டேன். அதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு."

டீச்சர் அந்தத் தாளை இன்னொரு தரம் பார்த்தாள். பெல் கொஞ்சம் தாமதமாக அடித்திருந்தால் எட்டு மார்க் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். இந்தப் பிள்ளையின் கண்ணும் அத்தோடு மூடியிருக்கும். பெஞ்சிலிருந்து எழக்கூடத் தோன்றாமல் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நல்லவேளைடி கண்ணு, நல்லவேளை" என்றாள்.