லெஹெலின் கண்ணுக்கு ஆகாத திரை

மிஷ்கோல்ட்ஸ் நகரப் பண்பாட்டு மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாலு மணிக்குப் போட்டி. இரண்டு வருடமாக நானும் லெஹெலும் செய்த டெமோ அதில் ஓட வேண்டும். மொத்தம் நாலு நிமிடம். கணினி அங்கேயே கணக்குப் போட்டு வரையும் படம் என்னுடையது, இசை அவனுடையது. திங்கட்கிழமை காலை அவன் கட்டாய ராணுவ சேவைக்குப் போகிறான், ஒன்பது மாதம். இன்று ஓடாவிட்டால் தன் பாட்டை ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்காமலேயே கிளம்பிவிடுவான்.

அவனோ பக்கத்தில் நின்று எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எப்படிடா தொண்டையில எறங்குது?"

"பூண்டு தூக்கலா இருக்கு, அதான் எறங்குது. ஒரு வாய் வேணுமா?"

"நீயே கொட்டிக்கோ!"

போட்டியை நடத்துபவன் பார்னபாஷ். மேடைக் கணினியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சோதனை ஓட்டம். ஓடாவிட்டால் சரிசெய்யப் பத்து நிமிடம். அதற்கு மேல் அவனிடம் கெஞ்சிப் பயனில்லை. எங்கள் முறை வந்தது. அழுத்தினேன். ஆறு மீட்டர் அகலத் திரையில் எங்கள் டெமோ வரவில்லை. ஒரு செய்திப் பெட்டி வந்தது.

"இந்தத் திரை என் லெஹெலின் கண்ணுக்கு ஆகாது. அவனுக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம்."

முந்நூறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எவனோ விசிலடித்தான்.

ஐயோ, அந்த வரியை எழுதியவள் நான்தான். டெமோ ஓடத் தொடங்கும் முன், கணினியில் திரையை இயக்கும் மென்பொருளான வீடியோ டிரைவரிடம் கேட்கும்: எந்தெந்த அளவில், நொடிக்கு எத்தனை தடவை உன்னால் திரையில் வரைய முடியும்? டிரைவர் ஒரு பட்டியல் தரும். அதில் நொடிக்கு எழுபத்தைந்துக்குக் குறைவான எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொல்லியிருந்தேன். அறுபதில் எங்கள் பழைய திரைகள் விட்டுவிட்டு மின்னும். ஒரு மணி நேரம் பார்த்தால் லெஹெல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். பட்டியலில் ஒன்றுமே தேறாவிட்டால் நிறுத்திவிட்டு ஒரு செய்தி காட்ட வேண்டும். எழுபத்தைந்து இல்லாத கணினியை எவன் போட்டிக்கு வைப்பான்? யார் கண்ணிலும் படாது என்ற தைரியத்தில் மனதில் இருந்ததை எழுதிவைத்தேன். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் இப்படித்தான், பிழைச் செய்தியில் கிறுக்கித் தள்ளுவோம்.

"ஏம்மா எமெஷெ," என்றான் பார்னபாஷ், ஒலிபெருக்கியில். "இது டெமோவா, கல்யாணப் பத்திரிகையா?"

"வாய மூடு! பத்து நிமிஷம் குடு."

"ஒம்பதரை."

முகம் தீயாக எரிந்தது. லெஹெல் பக்கம் நான் திரும்பவேயில்லை. டிரைவரின் பட்டியலை அப்படியே அச்சடிக்கும் சின்ன நிரல் ஒன்று பிளாப்பியில் இருந்தது, ஓட்டினேன். அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வேகத்தின் இடத்தில் மட்டும் எல்லா வரியிலும் ஒன்று, ஒன்று, ஒன்று.

"நொடிக்கு ஒரு தடவையா? இந்த டிரைவருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன்.

கத்தி முடிக்கும்போதே உறைத்தது. கையேட்டில் படித்திருக்கிறேன். ஒன்று என்றால் ஒரு தடவை இல்லை. திரைக்கு வழக்கமான வேகம், எண்ணைக் கேட்காதே என்று பொருள். பூஜ்யத்துக்கும் அதேதான். டிரைவர் முடியும் என்றுதான் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

எங்கள் மேசைக் கணினிக்கு ஓடினேன். பூஜ்யமோ ஒன்றோ வந்தால் தள்ளாதே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். லெஹெல் என் பின்னால் வந்து நின்றான். திட்டினாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுபடி மேடை, மறுபடி அழுத்தினேன். திரை இருண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவனுடைய முதல் தாளம் மண்டபத்துத் தரையை அதிரவைத்தது, என் படம் திரை முழுக்க விரிந்தது. நாலு மணிப் போட்டிக்கு நாங்களும் உண்டு என்று பார்னபாஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். லெஹெலும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"எழுபத்தஞ்சு எதுக்கு வச்ச?"

"உன் தலவலிக்குத்தான், வேற எதுக்கு?"

"அது போன வருஷம் ஈஸ்டரோடயே போயிடுச்சு. கண்ணாடி போட்டேன்ல."

"பொய் சொல்லாத. ஒவ்வொரு வாரமும் கேட்டேனே! இன்னும் கொஞ்சம் இருக்குன்னுதானே சொன்ன?"

"இல்லன்னு சொல்லிட்டா நீ கேக்கறத நிறுத்திடுவியேன்னுதான்."

"அடப்பாவி!" என்று அவன் தோளில் குத்தினேன். இன்னொன்றும் குத்தினேன். ஒரு வருடத்துக்கு மேலாகப் பொய் சொல்லியிருக்கிறான், நானும் அதை நம்பிக்கொண்டு எண்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை காலைக்கு இன்னும் ஒன்றரை நாள்தான் இருந்தது.