அடுப்பின் மேல் சாய்ந்த சுவர்

இலோயிலோ நகரில் அந்த ரொட்டிக்கடையைக் கட்டியது தாசியோவின் அப்பா. கீழே கடையும் விறகு அடுப்பும், மேலே குடும்பம். அடுப்பு என்றால் சின்னதில்லை. மாட்டுவண்டி உள்ளே போய்த் திரும்பலாம் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

பெரிய நிலநடுக்கத்தில் தெருவே விழுந்தபோது இந்தக் கட்டடம் மட்டும் நின்றது. பின்சுவர்தான் வயிறு தள்ளிக்கொண்டு அடுப்பின் மேல் சாய்ந்தது. பெரியவர் இடைவெளியில் செங்கல்லை அடைத்துச் சுண்ணாம்பு பூசிவிட்டு, மறுநாளே மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார். பிறகு அதை யாரும் நினைக்கவில்லை. புரிதா மருமகளாக வந்தபோது சுவரும் அடுப்பும் ஒரே கரியாய் ஒட்டிக் கிடந்தன.

வருஷக்கணக்காய் விழுங்கிய புகை தாசியோவின் நெஞ்சைத் தின்றது. இருமினால் துணியில் ரத்தம். இனியும் விறகடுப்பு முன்னால் நின்றால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேஸ் அடுப்பு வாங்கலாம் என்று புரிதா கெஞ்சினாள்.

"கேஸ்ல வேகுறது ரொட்டியா? ஆஸ்பத்திரிப் பஞ்சு."

"அந்தப் பஞ்சைத்தான் உன் மூக்குல அடைச்சு அனுப்பப் போறாங்க, தாசியோ."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, படியேற முடியாமல் அவள்மேல் சாய்ந்தான். அந்த வாரமே சரியென்று தலையாட்டிவிட்டான்.

அடுப்பை இடிக்க நெஸ்தோர் என்ற கொத்தனார் வந்தான். தூசி ஆகாதென்று புரிதா கணவனை மாடியிலேயே படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

மதியத்துக்குள் அடுப்பின் வாயும் கூரையும் போயின. பின்பக்கம் கடப்பாரை விழுந்ததும் மேலேயிருந்து மண் உதிர்ந்தது. நெஸ்தோர் கையை நிறுத்தினான்.

"அக்கா, இந்தச் சுவரை எது தாங்குது?"

"ஏன், அஸ்திவாரந்தான்."

அவன் குனிந்து பார்த்தான். "இல்லக்கா. அண்ணனைக் கீழ கொண்டு வாங்க. இப்பவே."

அவள் பாதிப்படி ஏறியிருப்பாள். பின்சுவர் மெல்லத்தான் சரிந்தது, மாடியை மடியில் வாங்கிக்கொண்டு.

படிக்கட்டு நின்றதால் அவள் பிழைத்தாள். இடிபாட்டுக்கு அடியிலிருந்து இருமல் கேட்டது. நெஸ்தோரும் தெருக்காரர்களும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கையாலேயே கல்லைப் பறித்தார்கள். "இருமு தாசியோ, இருமிக்கிட்டே இரு" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழும்போது சத்தம் நின்றது. அழத் தொடங்கியவர்களை அவள் அதட்டி அடக்கினாள். செங்கல் குவியலில் காதை வைத்துப் படுத்தாள். பக்கத்தில் யாரையும் மூச்சுவிடக்கூட விடவில்லை.