அடுப்படிச் சுவரோரம்

“அத்த மூடுமா. மொதல்ல அத்த மூடு!” ராஜகோபால் கைப்பேசியைப் பார்த்துக் கத்தினார்.

இங்கிலாந்தில் ஒரு கோதுமை வயலுக்கு அடியில் ரோமானியர் காலத்து ஊர் ஒன்று புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டும் குழுவில் அவர் மகள் சுகாசினி இருக்கிறாள். போன வாரம் வரை அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. தெரு, கிணறு, குளியலறை என்று அவள் குழிக்குள் இறங்கிக் காட்டியதையெல்லாம், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் தானே தோண்டியவர் போல விவரிப்பார். இன்று அவள் ஒரு வீட்டின் அடுப்படிச் சுவரோரம் மண்ணைத் தள்ளிக் காட்டியது ஒரு குழந்தையை. கோழியெலும்பு போன்ற விலா. முழங்கால் மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தது.

“பொறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும் நைனா. நாளைக்கு எடுத்து டப்பால போட்டு லேபுக்கு அனுப்பிடுவோம்.”

“டப்பாலயா? பெத்தவங்க வச்ச எடம் அது. எடுக்க நீ யாரு?”

“ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுபா. கேக்க யாரு இருக்காங்க?”

“கேக்க ஆளில்லன்னா அள்ளிடுவியா? நம்ம வம்சத்துல ஏர் புடிச்சிருக்கான், பஞ்சாயத்து பண்ணிருக்கான். பொதைச்ச புள்ளையத் தோண்டுனவன் ஒருத்தன் இல்ல. அத்தத் தொட்டின்னா இந்த வீட்டுப் படி ஏறாத!”

“நான் எடுக்கலன்னா இன்னொருத்தர் எடுப்பாங்க நைனா. நானாச்சும் பதமா எடுப்பேன்.”

சத்தம் கேட்டு வந்த மணியம்மாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கணவர் கையிலிருந்த கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இது அவங்க அடுப்படியாம்மா?”

“ஆமாம்மா. கைக்குழந்தைன்னா வீட்டுக்குள்ளயே பொதைப்பாங்களாம்.”

“சமைச்சிக்கினே பக்கத்துல வச்சிருந்திருக்கா. குடுத்து வச்சவ.”

சுகாசினிக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை. தகப்பன் துண்டில் சுற்றித் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வருவான். இடத்தைத் தாயிடம் சொல்லக்கூடாது, தாயும் கேட்கக்கூடாது. அந்தக் குடும்பத்து வழக்கம் அது. மணியம்மாள் இதுவரை கேட்டதில்லை.

“எம் புள்ளைய எங்க வச்சீங்க?”

“இன்னா பேச்சு இது, பொண்ணு கேட்டுக்கினு இருக்குது…”

“கேக்கட்டும். எவ வீட்டுப் புள்ளைக்கோ இம்மாங்கோவம் வருதே, எனக்கு எடத்தச் சொல்ல மட்டும் வாய் வராதா?”

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். இடம் மறக்கவில்லை: வாலாஜாபாத்துக்கு அப்பால், பாலாற்றங்கரையில், ஒரு பனைக்கு நேர் கிழக்கே. மணல் லாரிகள் அந்தக் கரையை அள்ளிப் போய்விட்டன. ஒருநாள் அவர் தனியாகப் போய் மணல் அள்ளும் இயந்திரத்தின் எதிரில் நின்றதும், “ஓரமா நில்லு பெருசு” என்று ஓட்டுநர் சிரித்ததும், எந்த ஊர்ச் சுவருக்குள் அந்த மணல் பூசப்பட்டதோ என்று திரும்பும் வழியெல்லாம் புதுவீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்ததும் யாருக்கும் தெரியாது.

மணியம்மாள் அவர் முகத்தையே பார்த்து நின்றாள். கைப்பேசிக்குள் தூறல் விழுந்தது. யாரோ ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். சுகாசினி தன் கைப்பேசியைக் குழியோரம் சாய்த்து வைத்து, மழைச்சட்டையைக் கழற்றி அந்தச் சிறு எலும்புகளுக்கு மேல் கூரைபோல் இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். தலை நனைய, அப்படியே குந்தியிருந்தாள்.