பச்சை நூல்

குற்றாலத்தில் சாரல் பிடித்த 1989 ஆனியில், தென்காசி பிளான் ஆபீஸின் ஒரே கம்ப்யூட்டர் மறுபடியும் மக்கர் செய்தது. மவுஸை நகர்த்தினால் திரையில் கர்சர் ஒரு நேரம் துள்ளியது, ஒரு நேரம் அசைய மறுத்தது.

"மாசாமாசம் ஒன் கையில மட்டும் எலி சாவுதே, எப்படித் தாயி?" என்றார் முதலாளி தளவாய்.

படம் வரையும் வேதா சிரிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் சந்தானகிருஷ்ணன் வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

வந்தான். முதலில் புரோகிராமில் மவுஸின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். லாட்ஜ் பிளானின் சுவர்க்கோடு அப்போதும் துள்ளியது. மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, ரப்பர் பந்தை எடுத்தான். உள்ளே உருளையில் பச்சை நூல் சுற்றியிருந்தது.

அவன் பார்வை அவளுடைய பச்சை முந்தானைக்குப் போயிற்று. ஓரம் பிரிந்திருந்தது.

"நூல் தானா உள்ள போச்சா, வேதா?"

"இல்லன்னா நீங்க வருவீயளா?"

அவன் நூலை மெதுவாகப் பிரித்தெடுத்தான். பிறகு பையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ஆவணியில எனக்குக் கல்யாணம். பொண்ணுக்கு ஊரு வடகரை. போன தடவையே சொல்லியிருக்கணும், வாய் வரல."

ஆவணி முடியுமுன் மவுஸ் மறுபடியும் நின்றது.

"திருநெல்வேலிக்கு போன் போடட்டுமா?" என்றார் தளவாய்.

"வேண்டாம் அண்ணாச்சி."

வேதாவே மூடியைத் திருகினாள். இந்தத் தடவை உருளையில் நிஜமாகவே அழுக்கு. நகத்தால் சுரண்டிவிட்டுப் பந்தைப் போட்டாள். சுவர்க்கோடு நேராக ஓடியது. கண்ணீரில் அவளுக்குத்தான் அது தெரியவில்லை.