கீழ்வீட்டு நோட்டு

பெட்டி மாடிக்குப் போயிற்று. கீழ்வீட்டுக்கு வெறும் நோட்டுதான் வந்தது.

அண்ணனும் தம்பியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். அண்ணனுக்குச் சலவைப் பிரிவு. வார்டுகளிலிருந்து வருகிற விரிப்புகளையும் தலையணை உறைகளையும் உதறிப் பிரித்து இயந்திரத்தில் போடுகிற வேலை. தம்பிக்கு எக்ஸ்ரே அறை. ஆஸ்பத்திரி ஊழியர்களின் வீடுகளில் சளிக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று அந்த வருஷம் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். இரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள். பாதி வீடுகளுக்கு ஒரு பெட்டி: முகக்கவசம், கைக்குத் தேய்க்கும் திரவம், காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு சின்ன இயந்திரம். மறுபாதிக்குப் பெட்டி கிடையாது; நோட்டு மட்டும் எல்லா வீட்டுக்கும் உண்டு. அப்போதுதானே பெட்டியால் பலன் உண்டா என்று தெரியும். எந்த வீட்டுக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது.

“கம்ப்யூட்டருக்கும் மாடிதான் கண்ணுக்குத் தெரியுது” என்றாள் பெரியவள்.

அண்ணன் மனைவியான அவளைப் பெரியவள் என்றும், தம்பி மனைவியைச் சின்னவள் என்றும் குடும்பத்தில் சொல்லிப் பழகிவிட்டது. மூத்தவளாக வந்தவளுக்குக் கீழ்வீடு. பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து வந்தவளுக்கு மாடி. வெயில், காற்று, கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அவள் புருஷன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். இவள் புருஷன் உடம்பில் சலவைச் சோடா வாசனையோடு வருவார். இதையெல்லாம் பெரியவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை என்பதை மட்டும் யாரும் கேட்காமலே அடிக்கடி சொல்வாள்.

நோட்டு எளிமையானது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல் என்று நான்கு கட்டங்கள். தினமும் காலையில் “ஆம்” அல்லது “இல்லை” எழுதி, போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு “ஆம்” விழுந்தால், மறுநாளுக்குள் ஆராய்ச்சி நர்ஸ் வந்து மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுப்பாள். அது விஷக்காய்ச்சல் என்று தெரிந்தால் உடனே மாத்திரை. பெட்டி வாங்கிய வீடு, வாங்காத வீடு இரண்டுக்கும் இந்த ஏற்பாடு ஒன்றுதான். பெரியவளின் கணவர் அந்த நர்ஸுக்குப் பஞ்சுக்குச்சி என்று பட்டம் வைத்தார். பட்டம் அவள் காதுவரை போய், அவளே போனில் “பஞ்சுக்குச்சி பேசறேன்” என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

பெரியவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள். நோட்டை அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பராமரித்தாள். மூன்றாவது வாரம் நர்ஸ் வந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஒரு ‘ஆம்’ கூட இல்லையே? மேல ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சிட்டிருக்காங்க.”

அந்த ஒரு பேச்சில் பெரியவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பெட்டி, இயந்திரம், கவசம் எல்லாம் இருந்தும் மேலே மூக்கொழுகுகிறது. ஒன்றுமில்லாத கீழ்வீடு சுத்தம். அன்று மாலை மாடிப்படியில் சின்னவளைப் பார்த்து, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தாள். அடுத்த வாரம் அவளுக்கே தொண்டை கரகரத்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, “இல்லை” என்று எழுதினாள். ஒரு கரகரப்புக்கெல்லாம் ஆராய்ச்சி மூழ்கிவிடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் தம்பிக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. சின்னவள் அன்றைக்கே எழுதி அனுப்பினாள். மறுநாள் காலையில் நர்ஸ் பையோடு மாடி ஏறுவதைப் பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் புருஷன் அப்போது உள்ளே கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அவருக்கும் முந்தின நாளிலிருந்து இருமல். உடம்பு லேசாகச் சுட்டது. வருஷா வருஷம் வருகிற நெஞ்சுச்சளிதான், பழகின விருந்தாளி என்று அவரே சொன்னார். துணி உதறி உதறி அவருக்கு நெஞ்சு முன்பே பலவீனம்.

நோட்டைத் திறந்தபோது அவள் கண் நர்ஸின் செருப்பு மேல் இருந்தது. அது மாடிப்படியின் கீழே கிடந்தது. காய்ச்சல் மாடியில் வந்துவிட்டது, கீழே வரவில்லை. இன்னும் நான்கு நாள் தாக்குப் பிடித்தால் ஆராய்ச்சி முடிந்துவிடும். ஸ்கேலை வைத்து, நேராக, “இல்லை, இல்லை, இல்லை, இல்லை” என்று எழுதினாள்.

மாலையில் அவர் கேட்டார்: “ஏம்மா, எனக்கு இருமல்னு எழுதிட்டியா?”

“எழுதியாச்சு.”

“பஞ்சுக்குச்சியக் காணோமே. காலைல மாடிக்கு வந்தா போலிருக்கே.”

“அவங்களுக்கு எத்தனையோ வீடு. வருவாங்க.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மாடியில் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் கவசம் போட்டுக்கொண்டு சண்டை போடுவதால் யார் திட்டினார்கள் என்றே தெரியாமல் சீக்கிரம் சமாதானம் ஆகிவிடுகிறார்களாம் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. அவள் வெந்நீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். அடுத்த நாளும் நான்கு “இல்லை”. அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் காலையில் அவரால் குளியலறை வரை நடக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி மாத்திரை தின்று தேறியிருந்தான். அவன்தான் அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். அவரே துவைத்து அனுப்பிய விரிப்பில் அவரைப் படுக்க வைத்தார்கள். டாக்டர், இருமல் எத்தனை நாளாக என்று கேட்டார். நேற்றிலிருந்து என்று பெரியவள் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஐந்து நாள் இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது. ஆறாம் நாள் அதையும் எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் நோட்டை வாங்கிப் போக வந்தாள். சின்னவளும் இறங்கி வந்து பெரியவளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் அவள்தான் இந்த வீட்டையும் பார்த்துக்கொண்டாள். அடுப்பு மூட்டினாள், துக்கம் கேட்க வந்தவர்களிடம் பேசினாள், பெரியவளின் தலையை வாரிவிட்டாள். மேலே அவள் புருஷன் செருமும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு நெஞ்சில் ஏதோ பற்றிக்கொண்டு எரியும். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் வந்தது. ஒருவன் செருமுகிறான்.

நர்ஸ் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினாள். நோட்டுப்படி அவருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நாளில் முற்றியிருக்கிறது, அப்படியும் சிலருக்கு ஆவதுண்டு என்றாள். ஒன்றும் மாற்ற வேண்டாம் என்றால் இப்படியே மூடிவிடலாம். மாற்ற வேண்டுமென்றால், பழையதை அழிக்காமல் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும்.

இப்படியே மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. கீழ்வீடு கடைசிவரை சுத்தமான வீடாக இருந்தது, அவர் விதி முடிந்து போனார் என்று ஆகிவிடும். இதைப் படித்து எங்கோ ஒரு டாக்டர், இந்தக் காய்ச்சல் சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்று எழுதுவார். அது பொய். அவர் சொன்னார். எழுதிவிட்டாயா என்று கேட்கவும் கேட்டார்.

பெரியவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். மூன்று நாளுக்கு, இருமலுக்கும் காய்ச்சலுக்கும், ஆறு கோடுகள். ஆறு “ஆம்”. முதல் தடவையாக ஸ்கேல் இல்லாமல் போட்டதால் கோடுகள் கோணின. சின்னவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. நர்ஸுக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது.

“மறதின்னு போட்டுடுங்க” என்றாள் நர்ஸ் மெதுவாக. “எல்லாரும் அதான் போடறாங்க.”

பெரியவள் தலையாட்டிவிட்டு எழுதினாள்: “மாடிக்குப் பெட்டி கொடுத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கவில்லை.” கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஓடியது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் அதைப் படித்தாள். மை காயும்வரை திறந்தே வைத்திருந்து, பிறகு பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனாள். சின்னவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், எழுந்து போவாள், இனிமேல் படி இறங்கமாட்டாள் என்று பெரியவள் காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

“அக்கா” என்றாள் சின்னவள். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா பெட்டியக் கீழ கொண்டு வந்து வச்சிருப்பேனே.”

செய்திருப்பாள் என்று பெரியவளுக்குத் தெரியும். அந்த மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அந்த நேரத்திலும் அவளுக்கு எரிந்தது. சின்னவளின் கை தன் கையைப் பிடித்திருந்ததை விலக்கவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.