குள்ளச்சி

அக்கா கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுடைய இடது கண்ணைப் பார்த்தேன். மதிய வெயில் சமையலறை ஜன்னல் வழியாக நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வலது கண்மணி அந்த வெளிச்சத்தில் மிளகாகச் சுருங்கியிருந்தது. இடது கண்மணி சட்டைப் பொத்தான் அளவுக்கு அகன்று, பழுப்பு நிறமே தெரியாமல் கறுத்துக் கிடந்தது.

“என்னடி, பல்லி விழுந்த மாதிரி பார்க்கிற?”

“தலை வலிக்குதா உனக்கு?”

“நீ கேட்கிற வரைக்கும் வலிக்கல.”

நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று, டாக்டர் அவளுடைய இமைகளைத் தூக்கி டார்ச் அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது அசையவே இல்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அப்போது வெளியூர்த் தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். வந்து சேர்வதற்குள் அம்மாவின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள். அந்தக் கண்மணியைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இருந்தேன்.

“செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்றேன்.

“எதுக்கு? லேசா மங்கலா இருக்கு, அவ்வளவுதான். மாடியில தண்ணி ஊத்தணும். குள்ளச்சி இன்னைக்குச் சாயங்காலம் விரிஞ்சிடுவா.”

குள்ளச்சி என்பது மொட்டைமாடியில் வெள்ளையடித்த பெயிண்ட் வாளியில் நிற்கும் செடி. புருக்மான்சியா என்று பெயர். எங்கள் வாயில் நுழையாததால் எக்காளப் பூ என்போம். ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் ஊமத்தை வானத்தைப் பார்க்கும், இது தரையைப் பார்த்துத் தொங்கும். இதற்கு முன் அக்கா வளர்த்த மூன்றும் ஆளுயரத்துக்குப் போய், கோடை வந்ததும் மொட்டுகளையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கம்பாக நின்றன. ஒன்றைக் கிளை பிரிகிற கவட்டைக்குக் கீழே வெட்டிவிட்டாள். அது முதலிலிருந்து வளர ஆரம்பித்து, பூவே இல்லாமல் ஒரு வருடம் வீணானது. பிறகுதான் டிப்போ மெக்கானிக் தன் வீட்டிலிருந்து இந்தக் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்புக்கு மேல் வளராது, வெயிலுக்கு அசராது என்றார். நம்பாமல்தான் நட்டாள். இப்போது பதினோரு மொட்டுகள். வேலைக்குப் போகும்முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை எண்ணுவாள். அம்மா போன பிறகு அக்கா எதையாவது ஆசையாக எண்ணி நான் பார்த்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கண்களை ஓடவிட்டார். நடக்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார். “மதியத்திலேர்ந்து எனக்கு இதுதான் வேலை, இவளுக்காகச் சிரிக்கிறது” என்றாள் அக்கா. அம்மாவுக்கு வந்ததைப் பற்றி நான் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். கண்ணுக்கு ஏதாவது மருந்து விட்டாளா என்று கேட்டார். இல்லை. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்த நர்ஸ், முழங்கைக்கு மேலே ஒட்டியிருந்த இலைத் துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்.

“தோட்ட வேலை பார்த்தீங்களா?”

“பக்கக் கிளை நாலு வெட்டினேன். ஆனா அது விஷச்செடின்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். கையுறை போட்டுட்டுத்தான் வெட்டினேன்.”

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலை பத்து மணி வெயில். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் இறங்கிய வியர்வையை அழுத்தித் துடைத்தாள். அந்த மஞ்சள் கையுறையோடு.

“கையுறையாலேயே கண்ணைத் துடைச்ச” என்றேன்.

அக்கா யோசித்தாள். “கை சுத்தமாத்தானே இருந்துச்சு” என்றாள், மெதுவாக.

நர்ஸ் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார். அது கண்மணியைச் சுருக்குகிற மருந்து. செடியின் சாறுதான் காரணம் என்றால் இடது கண் அதற்கு மசியாது. சுருங்கிவிட்டால் உடனே ஸ்கேன்.

ஆக, மருந்து வேலை செய்யக் கூடாது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இப்படி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாழ்வாரத்து நாற்காலியில் அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். வலது கண்மணி குறுகி, மிளகிலிருந்து கடுகானது. இடதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். ஒரு கட்டத்தில் அது கொஞ்சம் சிறுத்த மாதிரி தோன்றியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். வெயிலை மறைத்திருந்த மேகம் விலகியிருந்தது. கண் அப்படியேதான் இருந்தது.

“அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?” அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“ம்.”

“எந்தக் கண்ணு?”

“இடது.”

 அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “இத்தனை நாள் நீ மட்டும் வச்சிக்கிட்டு இருந்தியா? லூசு.”

டாக்டர் வந்து டார்ச் அடித்தார். ஒரு முறை. இன்னொரு முறை. “செடிதான்” என்றார். இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும், அதுவரை பஸ்ஸைத் தொடக் கூடாது, தலைவலி வந்தால் உடனே வர வேண்டும். நான் தலையாட்டினேன். ஆட்டியவள் நிறுத்த மறந்து, அவர் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேனாம்; அக்கா அதை வீடு வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிரைவர் பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் குறை சொன்னாள். அது காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

வரும் வழியிலேயே அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மாடிக்கு நான்தான் முதலில் ஏறினேன். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு பின்னால் வந்து, கவிழ்த்துப் போட்ட இன்னொரு வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

“கிட்டத்துல எல்லாம் கலங்கலா தெரியுது. நீ எண்ணிச் சொல்லு.”

செடியருகே குந்தி, தொடாமல் எண்ணினேன். வெயில் இறங்கியும் தரை கொதித்தது. ஒரு மொட்டும் உதிரவில்லை.

“பத்து மொட்டு.”

“பத்தா?”

“ஒண்ணு விரிஞ்சிடுச்சு.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கடுகளவு வலது கண்ணால் பூ இருக்கும் திசையைப் பார்த்தாள். நான் அவளுடைய கையுறைகளைக் குழாயடியில் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். பத்து விரல்களும் தரையைப் பார்த்தபடி அவை பூவுக்குப் பக்கத்தில் காற்றில் ஆடின, சொட்டிக்கொண்டே.