ரத்தினபாயின் பதவியேற்பு

“இதுல ரெண்டு வாசகம் இருக்கு சார். அம்மா எதைச் சொல்லப்போறாங்க?” என்று சூர்யநாராயணன் கேட்டார்.

தயாளன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தலையணையைச் செருகிக்கொண்டிருந்தார். மகள் கெசியா, ஆஸ்பத்திரி அங்கியின்மேல் அம்மாவின் புதுச் சேலையைச் சுற்றி, நழுவாமல் தோளில் ஊக்குக் குத்தினாள். பதவியேற்புக்கென்று ரத்தினபாய் எடுத்து வைத்திருந்த மாம்பழ நிறச் சேலை அது.

சூர்யநாராயணன் தேர்தல் அலுவலர். அன்று காலைதான் ஊரப்பாக்கம் ஊராட்சி அலுவலகத்தில் மற்ற வார்டு உறுப்பினர்களுக்கு பதவிப் பிரமாணம் செய்து வைத்திருந்தார். ரத்தினபாய் மட்டும் பாக்கி. மூன்றாவது முறை நின்று, பதினோரு ஓட்டில் ஜெயித்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போது விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. கெசியா மேலிடத்தில் கெஞ்சிக் கேட்டதில், தாம்பரத்திலிருந்த இந்த ஆஸ்பத்திரிக்கே சூர்யநாராயணனை அனுப்பியிருந்தார்கள்.

“ஆண்டவன் பெயரால்னு ஒண்ணு. கடவுள் பேரைச் சொல்ல விருப்பமில்லன்னா, உளமாரன்னு ஒண்ணு.”

கெசியா அப்பாவைப் பார்த்தாள்.

முந்தின வாரம் முழுவதும் வீட்டில் இதே சண்டைதான். ஆண்டவர் பேரில் சத்தியம் செய்வது பாவம் என்பது தயாளனின் கொள்கை. ரயில்வேயில் இருந்தபோது ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனார். வேதப் புத்தகத்தை நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நான் எப்பவும் உண்மைதான் பேசுறேன். இதுல கை வச்சாத்தான் உண்மையா?” என்று மாஜிஸ்திரேட்டிடமே கேட்டுவிட்டார். அந்தக் கதையை முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறார்.

“நான் ஜெபம் பண்ணித்தான் எலெக்‌ஷன்ல நின்னேன்” என்று ரத்தினபாய் சொன்னாள், தோசைக்கல்லைத் துடைத்தபடி. “ஜெயிச்சப்புறம் அவர் பேரை விட்டுட்டுச் சொல்லணுமா? நல்லா இருக்குங்க நீங்க சொல்றது.”

“அப்ப அந்தப் பதவியே வேணாம்.”

“அதை வேணுமா வேணாமான்னு சொல்றதுக்கு நீங்களா எனக்கு ஓட்டுக் கேட்டீங்க?”

அதற்குப் பிறகு சனிக்கிழமை வரை இருவரும் பேசவில்லை.

“ஆண்டவன் பெயரால்” என்றார் தயாளன் இப்போது.

சூர்யநாராயணன் தலையாட்டிவிட்டுத் தாளைப் பிரித்தார். “நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கம்மா. ரத்தினபாய் என்னும் நான்…”

ரத்தினபாயின் உதடு அசைந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயிலிருந்து சத்தம் வந்தது. நாலு நாளாக ஒரு சொல்லும் வராத வாய். முதலில் குழறலாக வந்தது, பிறகு தெளிந்தது. கெசியா ஊக்கு டப்பாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

சூர்யநாராயணன் தாளைப் பார்த்தார். அதில் இல்லாத வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன.

“என்னம்மா சொல்றாங்க?”

“பைபிள்ல வர்ற சங்கீதம் சார்” என்றாள் கெசியா. “சண்டே ஸ்கூல்ல படிச்சது. டாக்டர் சொன்னாரு, சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது சில பேருக்கு மிஞ்சி நிக்குமாம். புதுசா ஒண்ணும் வராதாம்.”

சங்கீதம் முடியும்வரை சூர்யநாராயணன் தாளை மடியில் வைத்துக் காத்திருந்தார். ஒரு சொல் பிசகவில்லை. முடிந்ததும் ரத்தினபாய் இடது கையால் சேலை முந்தானையை நீவிவிட்டுக்கொண்டாள்.

இரண்டாம் முறை ஆரம்பித்தார். அதே சங்கீதம் வந்தது.

மூன்றாம் முறை, “நான் சொல்லிப் பார்க்கிறேன் சார்” என்று தயாளன் குனிந்தார். அந்த வாசகம் அவருக்கும் பாடமாகியிருந்தது. சமையலறையில் அவள் அதை அத்தனை தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். “ரத்தினம், என்னப் பாரு. ரத்தினபாய் என்னும் நான்… ஆண்டவன் பெயரால்…” என்றார். அவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே மறுபடி சங்கீதத்தைத் தொடங்கினாள்.

சூர்யநாராயணன் பேனாவை மூடப் போனவர் மூடாமல், கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

“சார், அவங்க சொன்னதும் ஆண்டவர் பேருதான். உறுதிமொழி எடுத்தாங்கன்னே நான் எழுதிக்கறேன். இடது கை ரேகை வச்சாப் போதும். யாரும் கேக்கப்போறதில்ல.”

கெசியா அம்மாவின் இடது கையைத் தூக்கிப் பிடித்தாள்.

“வேணாம் சார்” என்றார் தயாளன்.

“அப்பா.”

“சொல்லாததைச் சொன்னதா எழுதக்கூடாது. குணமாகட்டும். அப்புறம் சொல்லுவா.”

சூர்யநாராயணன் தாளை ஃபைலில் வைத்தார். போகும்போது ரத்தினபாயைப் பார்த்துக் கும்பிட்டார். கெசியா அம்மாவின் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தயாளன் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டினாள். அவர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூடி சரியாகத் திருகாததால் காபி தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கத் துணி கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டார்.

பத்தரைக்கு வீட்டு வாசலில் பந்தல் ஏறியது. ஐஸ் பெட்டி ஒரே சீராக இரைந்தது. தயாளன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கை கொடுத்தார். சிலர் அவரைக் கட்டிக்கொண்டார்கள். யார் யாரென்று பார்த்தார். பெயர்களெல்லாம் ஞாபகம் இருந்தன. அழுகை வரவில்லை. சட்டைப் பையில் அவளுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களா, தானே எடுத்து வைத்தாரா, தெரியவில்லை.

அவளோடு தெருத்தெருவாக ஓட்டுக் கேட்ட உதயா, பேனர்காரனை போனில் காக்க வைத்துவிட்டு வந்தாள்.

“பேருக்குக் கீழ வார்டு மெம்பர்னு போட்டுடலாமாக்கா?”

கெசியா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அப்பாவக் கேளுங்க.”

உதயா அவரைப் பார்த்தாள். அவர் அடுத்து வந்தவருக்குக் கை கொடுத்தார். பேனர் வெறும் பெயரோடு வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. அடக்கப் பதிவேட்டில் எழுதினால்தான் குழி தோண்டுவார்கள். கெசியா வண்டி ஓட்ட, தயாளன் பின்னால் உட்கார்ந்து போனார்.

கோயில் குமாஸ்தா ஆபேல் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல மனுஷி அண்ணா. ஓட்டுக் கேக்க என் வீட்டுக்கும் வந்துச்சு.” பிறகு உட்கார்ந்து பெரிய பதிவேட்டைத் திறந்தார். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. தாள்கள் படபடத்தன. கெசியா ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர். கணவர் பெயர். வயது அறுபத்தொன்று.

“தொழில்? ரிட்டயர்டு சத்துணவு அமைப்பாளர்னு போட்டுடறேன்.”

“மெம்பர்” என்றார் தயாளன்.

“சபை மெம்பர்தான் எல்லாருமே. தொழில் கேக்கறேண்ணா.”

“பஞ்சாயத்து வார்டு மெம்பர்.”

ஆபேல் பேனாவை நிறுத்தினார். “முந்தாநாள் எங்க தெரு மெம்பரு சொன்னாரு, நேத்துக் காலைலதான் பதவியேற்புன்னு. அக்கா அப்ப ஆஸ்பத்திரில இருந்துச்சே?”

“அங்கயே வந்தாங்க.”

“ஏத்துக்கிட்டாங்களா?”

“ஆமா” என்றார் தயாளன். “உறுதிமொழி சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

ஜன்னலோரம் கெசியா நிமிர்ந்தாள்.

ஆபேல் குனிந்து நிதானமாக எழுதினார். வார்டு எண் கேட்டார். தயாளன் சொன்னார். அதையும் எழுதி, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

தயாளன் பேனாவை வாங்கினார். மின்விசிறிக் காற்றில் பக்கம் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. இரண்டு தடவை முனையை வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டார்.

கெசியா போனைப் பையில் போட்டுவிட்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று, பதிவேட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.